ஏழாம் நம்பரில் பார்த்தீர்களா?

நம் மென்பொருள் குழுவுக்கு ஐந்து பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஐந்து பேரும் முதல் வாரத்திலேயே ஒரே புகாரை எழுதியிருக்கிறீர்கள். "ஏழாம் நம்பர் மிஷின் திறக்கவே நாலு நிமிடம் ஆகிறது. அதில் ஓட்டிப் பார்க்காமல் யாருடைய பிழைப் புகாரையும் மூடக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் விதி வைத்தது?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்தது புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. உங்கள் பராமரிப்பாளர் சகாயமேரி. அந்த விதி வரக் காரணமாக இருந்த பாவி நான்தான். அவரிடம் போய்க் கேட்டால் "அது அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அதனால் நான் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: தர்மபுரியில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி லேப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லேப் முழுக்கப் பழைய மிஷின்கள். புதிது கேட்டு எழுதினால் "இருக்கிறத ஓட்டுங்க சார்" என்று பதில் வரும். ஓட்டுவதற்காகத்தான் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்தேன். திரையில் விண்டோக்களைத் திறப்பது, நகர்த்துவது, மூடுவது இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்கிற விண்டோ மேனேஜர் ஒன்று அதில் உண்டு. நாம் பராமரிக்கிற விண்டோ மேனேஜரை முதலில் எழுதியவர்கள் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு அங்கொருவர் இங்கொருவராக பேட்ச் என்கிற சின்னத் திருத்தங்களை எழுதி, கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போல ஒட்டி, பழைய மிஷினிலும் திக்காமல் ஓடும்படி வைத்திருந்தார்கள். அந்த ஒட்டுத் துணியைப் பதினோரு வருடம் நான் காபந்து பண்ணினேன். எந்த பேட்ச் உள்ளே வரும், எது வராது, எந்தப் புகாரை மூடுவது, எல்லாம் என் ஒருவன் முடிவுதான். சம்பளம் கிடையாது. அந்த அதிகாரம் போதாதா?

எனக்கு முன்பு பராமரித்து, பொறுப்பை என்னிடம் கொடுத்தவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. மெயிலின் கடைசியில் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் போடுவார். பாராட்டுவதில் மகா கஞ்சன். ராப்பகலாக மூளையைக் கசக்கி நான் அனுப்பும் பேட்ச்சுக்கு அவரிடமிருந்து வருவது "சரி" என்ற ஒரே ஒரு சொல். நானும் அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். பெரிய மனிதர் "சரி" என்றால் சும்மாவா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்படி இருக்கையில்தான் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தார் அந்த அம்மா. பெயர் சகாயமேரி. விண்டோவைப் பிடித்து இழுக்கும்போது திரை உதறுகிறது, கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் ஒரு பேட்ச் எழுதிப் பார்த்தேன் என்று பன்னிரண்டு வரி அனுப்பியிருந்தார். அந்த உதறலோடு மூன்று வருடமாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தவன் நான். பன்னிரண்டு வரியைப் போட்டு ஓட்டினேன். உதறல் இல்லை. வேறெங்காவது உடைந்திருக்குமா என்று ஆசையோடு தேடினேன். உடையவும் இல்லை.

மறுநாள் அந்த ஓர் எழுத்துக்காரரிடமிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில். "அருமை. நான் எழுத ஆசைப்பட்ட பேட்ச் இது."

அருமையாம்! பத்து வருடம் "சரி" வாங்கியவன் வயிற்றில் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? காலை இட்லி இறங்கவில்லை. என் வீட்டுக்காரிக்குக் கணினி என்றால் தூசி துடைக்க வேண்டிய சாமான், அவ்வளவுதான். அவளுக்கே தெரிந்துவிட்டது.

"ஏங்க, யாரு மெயில் போட்டா? மூஞ்சி இப்பிடிக் கெடக்குது."

"மாரண்டஹள்ளில ஒரு அம்மா. ஒரு பேட்ச் அனுப்பியிருக்குது."

"தப்பா அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. சரியாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏன் இஞ்சி தின்னாப்பல உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் செய்தவற்றை நீங்கள் பழைய மெயில்களில் பார்க்கலாம். எல்லாமே விதிப்படி இருக்கும். வரித் தொடக்கத்தில் இடைவெளி சரியில்லை என்று திருப்பினேன். திருத்தி அனுப்பினார். விளக்கக் குறிப்பு நீளம் என்றேன். சுருக்கினார். சுருக்கியதும், போதவில்லை என்றேன். ஒரு பேட்ச்சில் இரண்டு விஷயம் இருக்கிறது, பிரித்து அனுப்புங்கள் என்று ஐந்து தடவையாவது எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் "சரிங்க சார், கத்துக்கறேன்" என்று பதில் வரும். கோபித்துக்கொண்டு ஓடிப்போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மா கற்றுக்கொண்டே இருந்தார். நான் சொன்ன நொட்டைகளாலேயே அவர் எழுத்து இன்னும் சுத்தமாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

சரி, நாமும் ஒன்று காட்டுவோம் என்று இறங்கினேன். விண்டோ திறக்கும்போது பாதி வரைந்த படம், கறுப்புக் கட்டம், எதுவும் கண்ணில் படக் கூடாது. படம் முழுதாகத் தயாராகும்வரை பழைய படத்தையே திரையில் நிறுத்தி வைத்து, தயாரானதும் ஒரே வீச்சில் மாற்றிவிட வேண்டும். நான்கு மாதம் உழைத்தேன். சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளியிட்டதும் ஊர் ஊராக மெயில் வந்தது. "வெண்ணெய் மாதிரி போகுது சார்" என்று ஓசூரிலிருந்து ஒருவர் எழுதியதை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அன்று மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள்தான். சகாயமேரியிடமிருந்து பிழைப் புகார் வந்தது.

அதை அப்படியே எனக்கு மனப்பாடமாகத் தெரியும். "சார், உங்க பேட்ச் போட்ட பிறகு பழைய மிஷினில் ஒரு ஆபத்து இருக்கு. புது விண்டோ உள்ளே திறந்துடுது, ஆனால் திரையில் அரை வினாடி பழைய படம்தான் நிக்குது. அந்த நேரத்தில் கிளிக் பண்ணினால் கண்ணுக்குத் தெரியற பட்டனில் விழாமல், கண்ணுக்குத் தெரியாத விண்டோவில் இருக்கற பட்டனில் விழுது." கூடவே ஒரு பேட்ச்சும் வைத்திருந்தார். புது விண்டோவின் படம் திரைக்கு வரும்வரை அதற்குக் கிளிக்கை அனுப்பாதே. அவ்வளவுதான் அதன் சாரம். ஆறே வரி.

லேப்பில் ஏழாம் நம்பர் மிஷின் என்று ஒன்று இருந்தது. இருப்பதிலேயே கிழடு. ஓய்வு பெறும்போது யாருக்கும் வேண்டாம் என்று என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை, நான் ஒரு பட்டனை அழுத்த, அடியில் ஒளிந்திருந்த விண்டோ அந்தக் கிளிக்கை வாங்கிக்கொண்டது. அந்த அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நம் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய ஓர் அயோக்கியத்தனத்தை நான் செய்தேன். ஏழாம் நம்பரை அணைத்தேன். மகன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பைத் திறந்தேன். அதில் படம் கண் இமைப்பதற்குள் வந்துவிடும், பிழை தலைகாட்டவே வழியில்லை. இருபது தடவை ஓட்டினேன். இருபது தடவையும் வரவில்லை. பிறகு எழுதினேன்: "என் கணினியில் வரவில்லை. மூடுகிறேன். உங்கள் பேட்ச் கிளிக்கை ஒரு கணம் தடுத்து நிறுத்துகிறது. நம் நோக்கம் வழுக்கலான ஓட்டம்."

பொய் சொல்லவில்லை பாருங்கள். எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மை கிடைக்கிற மிஷினைத் தேடிப்போய் ஓட்டினேன், அவ்வளவுதான். "சரிங்க சார். என் பக்கம் பாக்கறேன்" என்று பதில் வந்தது. பதினோரு வருடத்தில் அவ்வளவு ருசியான மெயில் எனக்கு வந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலைப் பொழுது. தொலைபேசியில் சகாயமேரி. அதுவரை நாங்கள் குரலில் பேசியதே இல்லை.

"சார், தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க. கடையில ஒரு பிரச்சினைங்க. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா ஆவும்னு சொல்றாங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாம். நேர்ல வர முடியுங்களா?"

பாலக்கோடு வந்து, அங்கிருந்து மாரண்டஹள்ளி பஸ் பிடித்து இறங்கும்போது ஒன்றரை மணி. கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். "வூட்ல சும்மா இருந்திருந்தாலே போதும். மவுஸு கூட ஒழுங்கா வெக்கத் தெரியாதவங்ககிட்ட வந்து, ஒரு குடும்பமே போச்சு." திட்டு வாங்கியவர்தான் சகாயமேரி. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்து பெஞ்சில் அழுது முடித்த முகத்தோடு இன்னொரு பெண். பெயர் ரேவதி, நர்ஸ். திட்டியவர் அவர் கணவர்.

நடந்தது இதுதான். ரேவதிக்குக் கடலோர மாவட்டம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை. குழந்தை இங்கே அப்பாவிடம். இடமாறுதலுக்கு விருப்பப் பட்டியலை ஆன்லைனில் பதிய வேண்டும், ஒருமுறை உறுதி செய்தால் மாற்ற முடியாது. பட்டியலில் அவர் இப்போது வேலை பார்க்கிற ஊரே முதலில் நின்றது. பாலக்கோட்டை மேலே கொண்டுவர ஒவ்வொரு படியாக அம்புக்குறியை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, "நேரம் முடியப்போகிறது, இப்போதுள்ள வரிசையை உறுதி செய்யவா?" என்று ஒரு சின்ன விண்டோ தானாகத் திறந்திருக்கிறது. திரையில் அது தெரியவில்லை. அம்புக்குறிதான் தெரிந்தது. அழுத்தினார்கள். கிளிக் போய் "ஆம்" மேல் விழுந்தது.

நான் தண்ணீர் கேட்டேன்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தபோது மேசை இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே மூன்று மவுஸ் கிடந்தன, மூன்றும் புதிது போலவே இருந்தன. என் பார்வை போவதைக் கவனித்து சகாயமேரி சொன்னார்:

"அந்தக் கிளிக் பிரச்சினைக்கு மாத்துனதுங்க சார். உங்க மிஷின்ல வரலைன்னு சொன்னீங்கள்ல. சாருக்கே வரலைன்னா கோளாறு நம்ம சாமான்லதான் இருக்கும்னு, ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துட்டே இருந்தேன். என் பேட்சையும் எடுத்துட்டு உங்களதையே போட்டு வெச்சிருந்தேன்."

என்னை நம்பியிருக்கிறார். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் ஒரு வரியை நம்பியிருக்கிறார். நான் யாரைப் பார்த்துப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேனோ, அவர் என்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்து மவுஸ் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

ரேவதி எழுந்து வந்தார். "சார், ஆபீஸ்ல போன்ல பேசினேன். மென்பொருள்ல கோளாறுன்னு அதைப் பராமரிக்கறவங்க எழுதிக் குடுத்தா மேல அனுப்பிப் பாக்கறோம்ங்கறாங்க. ஆனா இந்தக்கா குடுத்த புகாரை அவங்களும் இன்டர்நெட்ல பாத்துட்டாங்க. கோளாறு இல்லைன்னு மூடியிருக்கே, அப்பறம் எப்பிடிங்கறாங்க."

நான் மூடிய வரி. சகாயமேரிக்கு எதிராக அதுவே சாட்சியாக நின்றது.

மணி இரண்டரை. கணினி முன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். "இத்தகைய கோளாறு ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது" என்று முதல் வரி. கை தானாக அப்படித்தான் எழுதியது. வாய்ப்புள்ளது என்றால் என் பெயரும் தப்பிக்கும், கடிதமும் கொடுத்தாயிற்று. ரேவதி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார்.

"வாய்ப்புன்னா போதாதாம் சார். உறுதியாத் தெரியுமான்னு கேக்கறாங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏழாம் நம்பர் வாய் திறந்து பேசாது. சகாயமேரி மட்டும் என்னைப் பார்க்காமல், பிரிண்டரில் தாள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"தெரியும்மா. இந்த அம்மா புகார் குடுத்த அன்னிக்கே என் பழைய மிஷின்ல அது வந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வரலைன்னு எழுதினேன்."

ரேவதியின் கணவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். எனக்கு அது தகும். சகாயமேரி தாளை வைத்துவிட்டுத் திரும்பினார். அறைவார் என்றுகூட நினைத்தேன்.

"எந்த மிஷின்லங்க சார்?"

"ஏழாம் நம்பர்னு ஒண்ணு. லேப்ல இருந்தது."

"எத்தனாவது தடவைல வந்துச்சு?"

"மூணாவது தடவ."

"எனக்குப் பதினாறாவது தடவைங்க. அதுவும் என்னமோ நம்ம கண்ணுதான் ஏமாத்துதோன்னு நெனச்சுட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னார்: "எங்கண்ணன் லாரி ஓட்டறாருங்க. தொப்பூர் எறக்கத்துல நியூட்ரல்ல வுட்டா வண்டி அலுங்காம கொள்ளாம போவும், ஆனா பிரேக்கு நிக்காது, அப்பிடி வுடக் கூடாதும்பாரு. உங்க பேட்ச் அப்பிடித்தாங்க சார். அன்னிக்கே எழுதலாம்னு இருந்தேன். பெரியவங்களாச்சேன்னு வுட்டுட்டேன்."

முதல் வரியை அழித்தேன். "இக்கோளாறு உள்ளது. என் பேட்ச்சால் ஏற்பட்டது. புகார் வந்த அன்றே சோதித்து உறுதி செய்துகொண்டேன். அதை மறைத்துப் புகாரை மூடியது என் தவறு. கடைக்காரர் மீதோ விண்ணப்பதாரர் மீதோ தவறில்லை." கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பியபோது நாலு மணி நாற்பது. அடுத்த பத்து நிமிடத்தில் அதே கடையில் உட்கார்ந்து என் பேட்ச்சைப் பிடுங்கிவிட்டு, அவருடைய ஆறு வரியைப் போட்டு எல்லோருக்கும் வெளியிட்டேன். போகும்போது ரேவதியின் கணவர் சகாயமேரியிடம், "ஏதோ ஆத்தரத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கதையில் வருவது போலக் கடிதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. அந்தச் சுற்று முடிந்துவிட்டது, அடுத்த சுற்றில் முன்னுரிமை தருகிறோம் என்று பதில் வந்தது. ரேவதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடலோரம் போனார். மறு வருடம்தான் பாலக்கோடு கிடைத்தது. அந்த ஒரு வருடம் அவர் குழந்தை முதல் வகுப்புப் படித்தது, பல் விழுந்து முளைத்தது. அதையெல்லாம் அந்தத் தாய் போனில்தான் பார்த்தார். என் இருபது தடவை சோதனையின் விலை அது.

பராமரிப்புப் பொறுப்பை சகாயமேரியிடம் கொடுத்தேன். ஏழாம் நம்பரையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் கடையில் வைத்தேன். அது இன்றும் அங்கேதான் ஓடுகிறது, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே இணைந்து சோதிக்கும்படி அவர்தான் அமைத்தார். முதல் விதியாக அவர் எழுதியது நீங்கள் புகார் சொல்கிற அந்த விதி. "என் கணினியில் வரவில்லை" என்று யார் எழுதினாலும், அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏழாம் நம்பர்ல பாத்தீங்களா?"

பொறுப்பைக் கொடுத்ததால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்றும் அவருக்கு யாராவது நன்றி எழுதினால் எனக்குச் சுருக்கென்கிறது. வீட்டுக்காரி பார்த்துச் சிரிக்கிறாள். பொறாமை வந்தால் வரட்டும், அதைத் தடுக்க என்னால் ஆகவில்லை. உங்களுக்கும் வரும், உங்களைவிடச் சின்னவர்கள் பன்னிரண்டு வரியோடு வந்து நிற்பார்கள். அன்று நல்ல மிஷினைத் தேடிப் போகாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பராமரிப்பாளரானதும் நான் அனுப்பிய முதல் பேட்ச் ஒரு திருத்தம். என் பேட்ச்சின் மிச்சசொச்சத்தைக் கோப்புகளிலிருந்து நீக்கியிருந்தேன். கூடவே, அந்தப் புகாரை நான் எப்படி மூடினேன் என்பதை ஒளிக்காமல் எழுதி, நிரலின் மாற்றப் பதிவில் எல்லோரும் படிக்கும்படி சேர்த்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "சார், ஒரு பேட்ச்சில் இரண்டு விஷயம் இருக்கு. பிரிச்சு அனுப்புங்க."

பிரித்து அனுப்பினேன். மிச்சசொச்சத்தை நீக்கியதை உடனே சேர்த்துக்கொண்டார். என் வாக்குமூலம் இருந்த இரண்டாவது பேட்ச் அப்படியே திரும்பி வந்தது. பதிவில் நீங்கள் எங்கே தேடினாலும் அது கிடைக்காது, அதனால்தான் இங்கே சொல்லவேண்டியதாயிற்று. அதன் கீழே அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஏழாம் நம்பரில் ஓட்டிப் பார்த்தேன் சார். ஒரு கோளாறும் வரவில்லை. மூடுகிறேன்."

அப்படி ஒரு வரி எனக்கு எழுத வந்ததே இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.